முங்கினால் கேட்காத வானொலி

ஆகஸ்ட் 6, புதன்

இன்று பதினொரு பேருக்குக் காது பரிசோதனை. "பீப் சத்தம் கேட்டதும் பட்டனை அமுக்குங்க" என்று பதினொரு முறை சொன்னேன். ஒருவர் நான் சத்தமே அனுப்பாதபோதும் அமுக்கிக்கொண்டிருந்தார். கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்னுதான்" என்கிறார்.

வீட்டுக்கு வந்து, கணினியைத் திறந்து நீர்மூழ்கியில் ஏறினேன். வருஷம் 1942. ஒரு சரக்குக் கப்பலைத் தேடி நடுக்கடலில் மூன்று நாளாக அலைகிறேன். விளையாட்டின் கணக்கில் மூன்று நாள், என் கணக்கில் நாற்பது நிமிடம். ரேடியோ அறைக்குப் போனேன். அங்கே ஒரு பெட்டி இருக்கிறது. அழகான பெட்டி, குமிழைத் திருகினால் முள் நகர்கிறது. ஆனால் அதிலிருந்து ஒரு முனகல்கூட வராது, வெறும் படம்தான். நாற்பது பேர் மாதக்கணக்கில் ஓர் இரும்புக் குழாய்க்குள் அடைந்து கிடக்கிறார்கள். பாட்டு இல்லை, செய்தி இல்லை. விளையாட்டைச் செய்தவர்கள் டார்பிடோவின் திருகாணியைக்கூட எண்ணி எண்ணி வரைந்திருக்கிறார்கள். மனுஷனுக்குக் காது இருப்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

நான் சேர்க்கப் போகிறேன். நிலையம், அறிவிப்பாளர், பாட்டு, செய்தி, கரகரப்பு, எல்லாம் அந்தக் காலத்து மாதிரியே, நம் மொழியிலேயே.

மனைவியிடம் சொன்னேன். "அந்த ஆளுங்க பாட்டு கேக்கலன்னு இப்ப யாரு அழுதா?" என்றாள். கணக்கு டீச்சர். எதையும் தேவை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

ஆகஸ்ட் 9, சனி

எங்கள் இணையக் குழுவில் அறிவித்தேன். இந்த விளையாட்டில் ஒரு கற்பனை நாட்டைச் சேர்த்து, மாலுமி முதல் சமையல்காரன் வரை எல்லாரையும் நம் மொழியில் பேச வைத்திருக்கும் குழு எங்களுடையது. முந்நூற்றுச் சொச்சம் பேர். யாருக்கும் யாருடைய சொந்தப் பெயரும் தெரியாது. ஆரவாரமாக வரவேற்றார்கள், ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் பெரிஸ்கோப் பெரியப்பா. அவர் யார், என்ன வயது என்று யாருக்கும் தெரியாது. தப்பு கண்டுபிடிப்பதற்காகவே பிறவி எடுத்தவர். பதினான்கு நிபந்தனை அனுப்பியிருக்கிறார். அறிவிப்பாளர் குழையக் கூடாது. கரையிலிருந்து தள்ளிப் போகப் போக நிலையம் தேய வேண்டும். கப்பல் நீர்மட்டத்தின் மேல் இருந்தால்தான் ரேடியோ எடுக்க வேண்டும். முங்கினால் பெட்டி ஊமை. ஒவ்வொரு நிகழ்ச்சியும் குறித்த நேரத்தில் ஒரே ஒரு முறைதான், தவறவிட்டால் போனது போனதுதான்.

பழைய இசைத்தட்டு எதையும் தொடக் கூடாது என்பது குழுவின் விதி. யாருடைய உரிமை யாரிடம் இருக்கிறதோ! ஆக, பழைய பாட்டு கிடையாது. புதுப் பாட்டைப் பழசாக்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மச்சினனைக் கூப்பிட்டேன். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பது அவன் தொழில். பாடுவது அவன் நம்பிக்கை. பாட்டும் அவனே எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

"தந்தி வரும், தந்தி வரும், தாமதமா தந்தி வரும்..."

"அடுத்த வரி?"

"அதேதான் மாமா. மூணு தடவை வரும். அந்தக் காலத்துல அப்படித்தான்."

குடத்துக்குள் முகத்தை விட்டுப் பாடினால் பழைய குரல் வரும் என்று எங்கேயோ படித்திருந்தேன். குளியலறையில் நிற்க வைத்து, குடத்தைக் கையில் கொடுத்துப் பாடச் சொன்னேன். பழைய குரல் வரவில்லை, குடத்தின் குரல்தான் வந்தது. மூன்றாம் முறை குக்கர் விசில் அடித்தது. நான்காம் முறை பக்கத்து வீட்டம்மா வந்து, "யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

குடம் வேண்டாம். மனைவியும் அதைத்தான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தாளாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று மானம் போனது. ஆனால் பாட்டு கிடைத்தது.

எங்கள் கிளினிக்கில் பரிசோதனைக்கென்று ஒரு கண்ணாடி அறை உண்டு. உள்ளே குண்டு போட்டாலும் வெளியே கேட்காது. மதியம் டாக்டரம்மா சாப்பிடப் போனதும் மச்சினனை அதற்குள் அடைத்துப் பாடச் சொன்னேன். உள்ளே இருப்பவர் பேசுவது வெளியே கேட்பதற்காக ஒரு ஸ்பீக்கர் இருப்பதை மறந்துவிட்டேன். தினமும் நானே திருகுகிற ஸ்பீக்கர்! காத்திருந்தவர்கள் எல்லாரும் மூன்று சரணமும் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து, "தம்பி, உள்ள இருக்கறவருக்குத்தான் மொதல்ல காது பாக்கணும். தான் பாடறது தனக்கே கேக்கல போல" என்றார்.

திரும்பிப் பார்த்தால் டாக்டரம்மா நிற்கிறார்.

"என்ன சார், இது என்ன டெஸ்ட்?"

"பேச்சு டெஸ்ட், டாக்டர்."

"பேச்சா? தந்தி நாலாவது தடவையா வந்துக்கிட்டிருக்கே."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் ஒரு யோசனை. தூக்கிப்போட வைத்திருந்த பழைய காதுக் கருவி ஒன்றின் குட்டி ஸ்பீக்கர் வழியாக அந்தப் பாட்டை ஓட விட்டு, மறுபடி பதிவு செய்தேன். அடியும் போச்சு, உச்சமும் போச்சு, நடுவில் ஒரு தகரக் குரல் மட்டும் மிச்சம். அசல் 1942! மச்சினனே அடையாளம் தெரியாமல், "யாரு மாமா இது, நல்லா பாடறாரே" என்றான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நான்காவது பாட்டுக்குக் கீறல் சத்தம் சேர்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து கதவருகே நின்றாள். கையில் ஒரு கடிதம். ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை விலக்கினேன்.

மலை மேல் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளைத் தலைமை ஆசிரியையாகக் கூப்பிட்டிருக்கிறார்களாம். பஸ்ஸில் ஆறு மணி நேரம். செப்டம்பர் முப்பதுக்குள் பதில் சொல்ல வேண்டும், டிசம்பர் முதல் தேதி பொறுப்பேற்க வேண்டும்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

எத்தனை வீட்டில் புருஷன் இப்படிச் சொல்வான்? மனதுக்குள் எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் காதை மூடிக்கொண்டேன். கீறல் சத்தம் கொஞ்சம் தூக்கல், குறைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மலை விஷயத்தை அவள் மறுபடி எடுக்கவே இல்லை. வேண்டாமென்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. நல்லதுதான். இருபத்திரண்டு வருஷமாக இதே வீடு, இதே மேசை. இணையமும் இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

நிகழ்ச்சி நிரலில் ஓர் ஓட்டை. செய்தி இருக்கிறது (நானே வாசித்தேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு). வானிலை இருக்கிறது. தந்தி வருகிறது. வியாழக்கிழமை இரவு ஏழரைக்கு மட்டும் ஒன்றும் இல்லை. கரையில் இருக்கும் வீட்டார் கடலில் இருப்பவர்களுக்குக் கடிதம் வாசிக்கும் நிகழ்ச்சி ஒன்று வைக்கலாம் என்று தோன்றியது. நானே எழுதிப் பார்த்தேன். "அன்புள்ள கணவருக்கு, இங்கே மழை பெய்கிறது. அங்கே தண்ணீர் எப்படி இருக்கிறது?" இதற்கு மேல் வரவில்லை.

மனைவியிடம் போனேன். பள்ளி ஆண்டு விழா நாடகம் எல்லாம் அவள்தான் எழுதுவாள்.

"யாரு யாருக்கு எழுதற கடிதம்?"

"கரையில இருக்கற பொண்டாட்டி, கப்பல்ல இருக்கற புருஷனுக்கு."

"அவன் பதில் போடுவானா?"

"முடியாது. ஒருவழிதான். இவங்க பேசுவாங்க, அவங்க கேப்பாங்க."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, எழுதறேன். நானே வாசிக்கறேன். ஆனா ஒரு வார்த்தைகூட நீங்க மாத்தக் கூடாது."

எனக்கென்ன, வலிக்கிறதா? சரி என்றேன். வேலை மிச்சம்.

செப்டம்பர் 6, சனி

ஆறில் மூன்று கடிதம் பதிவாகிவிட்டது. துணி அலமாரியைத் திறந்து வைத்து, அதற்குள் தலையை நீட்டி அவள் வாசிக்க, மேலே நான் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துணிக்குள் எதிரொலி வராது. 'ச' வரும் இடங்களில் மட்டும் காற்று அடிக்கிறது. இரண்டாவது கடிதத்தின் நடுவில் எங்கேயோ ஒரு மோட்டார். அது போகட்டும், கப்பல் மோட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். முகம் வியர்த்திருந்தது.

"பின்னணி இரைச்சலே இல்ல. பிரமாதம்."

"நான் எழுதினது?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

உண்மையைச் சொன்னால் அதை நான் கவனிக்கவில்லை. மோட்டாருக்கும் காற்றுக்குமே காது போதவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

முதல் மூன்று கடிதத்தோடு ரேடியோவை வெளியிட்டாகிவிட்டது. பெரியப்பாவிடமிருந்து இரண்டு மணி நேரமாகப் புகார் எதுவும் இல்லை. அவருக்கு உடம்புக்கு என்னவோ.

செப்டம்பர் 11, வியாழன்

குழுவில் ஒரே ஒப்பாரி.

முங்குநீச்சல் என்று ஒருவன். குழுவிலேயே சாமர்த்தியசாலி, இரண்டு வருஷமாக ஒரே கப்பலை மூழ்காமல் ஓட்டிக்கொண்டிருந்தவன். நேற்று அவன் கப்பல் போய்விட்டது. விளையாட்டில் வியாழக்கிழமை, இரவு ஏழு முப்பத்தாறு. விமானம் வருவது தெரிந்திருக்கிறது, முங்க நேரமும் இருந்திருக்கிறது. ஏன் முங்கவில்லை என்று கேட்டால், "கடிதம் முடியல. முடிஞ்சதும் முங்கலாம்னு இருந்தேன்" என்கிறான்.

அவன் ஒருவன் மட்டுமில்லை. இதுவரை பத்தொன்பது கப்பல். எல்லாம் வியாழக்கிழமை, எல்லாம் ஏழரைக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவில். ஒரு புண்ணியவான் எதிரிக் கப்பல்கள் வரிசையாகப் போகும்போது நட்டநடுவில் எழும்பியிருக்கிறான், ஏழரை ஆகிவிட்டது என்று. இந்தப் போரில் என் மனைவியைப் போல் நாசம் செய்தவர் இரு பக்கத்திலும் கிடையாது.

அவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எந்த இடம் வரைக்கும் கேட்டாங்களாம்?" என்று கேட்டாள்.

"அது தெரியலையே."

"நீங்க எந்த இடம் வரைக்கும் கேட்டீங்க?"

"நான் முழுசா கேட்டேனே. நான்தானே பதிவு பண்ணேன்!"

செப்டம்பர் 13, சனி

புதுக் கோரிக்கை. கடிதம் எழுதும் அந்த அம்மாவுக்குப் பதில் அனுப்ப ஒரு பொத்தான் வேண்டுமாம். நூற்று நாற்பத்தேழு பேர் கையெழுத்து. "பாவம், அவங்க கேட்டதுக்கு ஒரு பதில் சொல்ல விடுங்க" என்கிறார்கள். என்ன கேட்டாள்? கற்பனைப் பெண்ணுக்குப் போய் இவ்வளவு கரிசனம்.

கம்பீரமாகப் பதில் எழுதினேன்: "நீர்மூழ்கி பதில் அனுப்பினால் அது இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். ஆகவே வாயை மூடிக்கொண்டு கேட்பதே மரபு." இதை மனைவிக்கு வாசித்தும் காட்டினேன்.

"ஆமா, மரபுதான்" என்றாள். தண்ணீர்ச் செம்பை மேசையில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மிச்ச மூன்று கடிதமும் முடிந்தது. ஆறாவதில், கடைசி வரிக்கு நடுவில் அவள் நிறுத்திவிட்டாள். இன்னொரு முறை வாசி என்றேன். "ஒரு தடவைதான் வாசிப்பேன்" என்று எழுந்து போய்விட்டாள். ரேடியோவில் இரண்டரை நொடி மௌனம் என்றால் நிலையமே படுத்துவிட்டது என்று நினைப்பார்கள். வெட்டி ஒட்டிவிட்டேன். வார்த்தையை மாற்றாதே என்றுதான் சொன்னாள், மூச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

இரண்டாம் தொகுப்பு வெளியீடு. மூழ்கிய கப்பல் இதுவரை அறுபத்து மூன்று.

செப்டம்பர் 22, திங்கள்

பெரிஸ்கோப் பெரியப்பா எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். முதல் முறை. அப்படியே இங்கே எடுத்து வைக்கிறேன்:

"ஐயா, இரண்டு பிழைகள். ஒன்று: ஆறாவது கடிதத்தில் ஓரிடத்தில் மௌனத்தை வெட்டியிருக்கிறீர்கள், ஒட்டுப் போட்டது தெரிகிறது. அந்த அம்மா அழாமல் இருப்பதற்காக நிறுத்திய இடம் அது என்று நினைக்கிறேன். அதை வெட்டியிருக்கக் கூடாது. இரண்டு: மூன்றாவது, ஆறாவது கடிதங்களில் செப்டம்பர் 30 என்று ஒரு கெடு வருகிறது. நம் விளையாட்டின் முழுக் காலவரிசையையும் சரிபார்த்துவிட்டேன். அந்தத் தேதியில் சண்டை இல்லை, புறப்பாடு இல்லை, ஒன்றுமே இல்லை. அது யாருடைய செப்டம்பர் 30?"

செப்டம்பர் 23, செவ்வாய்

கிளினிக்கிலேயே, கண்ணாடி அறையில் உட்கார்ந்து, ஆறு கடிதத்தையும் கேட்டேன். ஒலி அளவு காட்டும் முள்ளைப் பார்க்காமல், இரைச்சலைத் தேடாமல், வெறுமனே.

முதல் கடிதம்: "இங்கே எல்லோரும் நலம். நீங்கள் பக்கத்து அறையில் இருந்தபோதும் இவ்வளவு தூரத்தில்தான் இருந்தீர்கள் என்பதால், எனக்குப் புதிதாகக் கஷ்டம் ஒன்றும் இல்லை."

மூன்றாவது: "மலை மேல் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு, யாரோ ஒருவருக்கு என் பெயர் ஞாபகம் வந்திருக்கிறது. செப்டம்பர் முப்பதுக்குள் சொல்ல வேண்டும். உங்களைக் கேட்டேன். 'உன் இஷ்டம்' என்று ஒரே வரியில் தந்தி அடித்தீர்கள். என் இஷ்டம் எனக்குத் தெரியாதா? நான் கேட்டது உங்கள் இஷ்டத்தை."

ஆறாவது: "முப்பதாம் தேதியோடு கெடு முடிகிறது. இனி எழுத மாட்டேன். நீங்கள் பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். பஸ்ஸில் ஒரு சீட்டா இரண்டு சீட்டா என்று மட்டும் தெரிந்தால் போதும்."

வெட்டி எறிந்த துண்டையும் தேடி எடுத்துக் கேட்டேன். ஒரு சீட்டா இரண்டு சீட்டா — அங்கேதான். இரண்டரை நொடி. ஒரு மூச்சு. மூக்கை உறிஞ்சுகிற சின்னச் சத்தம். இத நான் வெட்டினேன். நான்! இந்தக் கையால!

என்ன மனுஷன்டா நீ? மேல போர்வையப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, ஒரு அடி தள்ளி. அவ உன்கிட்ட கேக்கறா, நீ மோட்டார் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்திருக்க. எந்த ஊர்க்காரன்னே தெரியாத முந்நூறு பேருக்குக் கேட்டுச்சு. கப்பல் போனாலும் பரவால்லன்னு உக்காந்து கேட்டிருக்கான் ஒருத்தன். உனக்குக் கேக்கல. "உன் இஷ்டம்" — அதுக்கு சபாஷ் வேற! — வாயை மூடிக்கிட்டுக் கேக்கறது மரபாம் — நீ கேக்கவும் இல்லையேடா.

வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டினார். எனக்குக் கண் கலங்கியிருந்தது. "சார், டெஸ்ட் அவ்வளவு கஷ்டமா இருக்குமா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

செப்டம்பர் 24, புதன்

பயமாக இருக்கிறது. இதை எழுதினால்தான் தெளியும்.

இந்த வயதில் புது ஊர். அங்கே எனக்கு என்ன வேலை, யார் தெரியும்? இங்கே பால்காரர் முதல் டாக்டரம்மா வரை என்னைத் தெரிந்தவர்கள். சரி, போகாமல் இருந்தால்? அவள் மட்டும் போனால்? இந்த வீட்டை அவள் இல்லாமல் நினைத்துப் பார்த்தேன். மேசை இருக்கிறது. இணையம் இருக்கிறது. நான் ஹெட்போனைக் கழற்றினால் யாரும் இல்லை. நினைக்கவே பிடிக்கவில்லை. அவ்வளவுதான் என் இஷ்டம். இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சாப்பாடு நல்லா இருக்கு" என்று வந்தது.

"காலையில நீங்க சமைச்சதுதான்" என்றாள்.

பிறகு அவள் கடைக்குப் போன நேரத்தில் மைக்கை எடுத்து வைத்தேன். பதில் கடிதம் ஒன்று, கப்பல் தலைவன் குரலில், பின்னணியில் அலை. எழுதி, இரண்டு முறை வாசித்தும் பார்த்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மச்சினன், எங்கள் குளிர்சாதனப் பெட்டியைப் பார்க்க வந்தவன், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"மாமா, ஒரே வீட்டுல இருக்கற பொண்டாட்டிக்குப் பதில் சொல்ல ரேடியோ ஸ்டேஷனா?"

"உனக்குத் தெரியுமா?"

"மொத கடிதத்துலயே தெரியும். என் பாட்டு எப்ப வரும்னு கேக்க உக்காந்தேன், அக்கா உங்களை வாங்கு வாங்குன்னு வாங்கறா. நல்லா வேணும்னு நெனச்சுக்கிட்டேன்." ஸ்குரூ டிரைவரால் என் மைக்கைத் தட்டினான். "இத அணைங்க. வாயத் தொறந்து நேரா சொல்லுங்க. அலை எல்லாம் வேணாம்."

எனக்குப் புத்தி சொல்லும் அளவுக்கு இவன் எப்போது வளர்ந்தான்? ஆனால் அணைத்துவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

கிளினிக்குக்குப் பாதி நாள் லீவு போட்டுவிட்டு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சாயங்காலம் வரை வைத்திருந்தால் மறுபடி சாப்பாடு நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவேன்.

ஆசிரியர் அறை. அவள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். நாலைந்து டீச்சர்கள், மூலையில் விசிலை வாயில் வைத்தபடி விளையாட்டு வாத்தியார். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்று எழுந்துவிட்டாள்.

"ஒண்ணும் ஆகல. நானும் வரேன்."

"எங்க, கேன்டீனுக்கா?"

"மலைக்கு."

சிவப்புப் பேனா நோட்டின் மேலேயே நின்றது.

"ஆறு கடிதமும் கேட்டேன்" என்றேன்.

"எப்ப?"

"முந்தாநாள்."

"பதிவு பண்ணது நீங்கதானே!"

"அப்ப கேக்கல."

இதற்கு விளையாட்டு வாத்தியார் 'ச்ச' என்றார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நம்ம ரெண்டு பேரும் போவோம். உன் இஷ்டம் இல்ல, என் இஷ்டம். முப்பதாம் தேதிக்குள்ள சரின்னு எழுதிடு. இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

"நான் பதினஞ்சாம் தேதியே சரின்னு எழுதிட்டேனே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "அப்ப முப்பதாம் தேதி?"

"அது உங்களுக்கு வெச்ச கெடு."

"நான் வரலைன்னா?"

"போயிருப்பேன்." யோசிக்காமல் சொன்னாள். அப்புறம் நோட்டை மூடிவிட்டு, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வந்தா நல்லா இருக்கும்னு இருந்துச்சு" என்றாள். கேட்டது. நன்றாகவே கேட்டது.

மணி அடித்தது. "வந்ததுதான் வந்தீங்க, இந்த நோட்டையெல்லாம் ஏழாம் வகுப்பு வரைக்கும் தூக்கிட்டு வாங்க" என்றாள். தூக்கிக்கொண்டு போனேன். நாற்பத்தெட்டு நோட்டு.

செப்டம்பர் 26, வெள்ளி

புதுப் பதிப்பு வெளியிட்டேன். மாற்றங்கள்: ஆறாவது கடிதத்தில் இரண்டரை நொடி மௌனம் சேர்க்கப்பட்டது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "அந்த மலையில என்கூடப் படிச்சவ ஒரு சின்ன ஆஸ்பத்திரி வெச்சிருக்கா. காது பாக்க ஆளே இல்லைன்னு புலம்புவா. சொல்லி வைக்கறேன்" என்றார். கண்ணாடி அறையைக் காட்டி, "ஆனா அங்க போய் யாரையும் பாட வைக்காதீங்க" என்றார்.

நவம்பர் 29, சனி

ஒரு லாரி, பதினேழு பெட்டி, இரண்டு சீட்டு. ஜன்னலோரம் அவளுக்கு.

டிசம்பர் 18, வியாழன்

இங்கே இணையம் ஆமை. காலையில் தொடங்கிய ஒரு கோப்பு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் வாரம் நான்கு நாள் வேலை. இந்த ஊரில் எனக்குப் பெயர் கிடையாது, 'ஹெச்.எம். அம்மா வீட்டுக்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். காது பார்க்க வருகிறவர்கள்கூட, "அம்மாகிட்ட சொல்லி எங்க பையனுக்கு ஒரு சீட்டு..." என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பட்டனை அமுக்குங்க என்கிறேன்.

குழுவில் இரண்டு மாதமாக ஒரே நச்சரிப்பு. ஏழாவது கடிதம் எப்போது? இன்னும் வியாழக்கிழமை ஏழரைக்கு எல்லாக் கப்பலும் மேலே வந்து நிற்கிறதாம், வந்தாலும் வரும் என்று. இந்த வாரம் மட்டும் பதினொரு கப்பல் போயிருக்கிறது. முங்குநீச்சலுக்கு இது ஐந்தாவது.

சாயங்காலம் அவளைக் கேட்டேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஏழாவது எழுதித் தரியா? எல்லாரும் கேக்கறாங்க."

"ஆளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு யாராவது கடிதம் எழுதுவாங்களா?" என்றாள். "நேரா சொல்றேன். கழுத்துல தொங்கறதை அந்தப் பக்கம் வைங்க."

ஹெட்போனை எடுத்து மேசையில் வைத்தேன். முக்கால் மணி நேரம் பேசினாள். ஆறாம் வகுப்புக் கூரை ஒழுகுகிறது. பியூன் மூன்று நாளாக வரவில்லை. வரலாற்று வாத்தியார் இவளை இன்னும் 'புது டீச்சர்' என்றே கூப்பிடுகிறாராம். எதற்கும் நான் வழி சொல்லவில்லை. அவளும் வழி கேட்கவில்லை.

அவள் எழுந்து போன பிறகு குழுவில் எழுதினேன்: "ஏழாவது கடிதம் வராது. அந்த அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது."

அது போய்ச் சேரவே பத்து நிமிடம் ஆனது. இணையம்தான் நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு பெரிஸ்கோப் பெரியப்பாவிடமிருந்து ஒரு வரி வந்தது.

"அப்படியானால் முங்கலாம்."